வாசிக்கக் கூடாத விடை

1

இந்தக் கதை எனக்கு ஒரு போன் அழைப்பில் கிடைத்தது. நாகரிகமாகத்தான் ‘கிடைத்தது’ என்கிறேன். ஒட்டுக் கேட்கவில்லை, சத்தியம். ஆனால் கதை எழுதச் சொல்லி யாரும் கொடுக்கவும் இல்லை.

மக்கள் கருத்துக் கணிப்பு எடுக்கும் ஓர் அலுவலகத்தில், போனில் கேள்வி கேட்பது என் வேலை. பகலில் அது, மிச்ச நேரத்தில் இந்தக் கதை எழுதுவது. இரண்டிலும் யாரும் கூப்பிடாமல் நானாகப் போய்ப் பேச்சுக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் ஆட்கள் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்களும் போகலாம். கோபம் வராது, பழகிவிட்டது.

அந்த முறை கணிப்பு நகரமன்றத்துக்காக. மூன்றே கேள்விகள். வீரியமான வலி மாத்திரையை மருந்துக்கடைகள் ஒரு தடவைக்கு ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற விதியை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா? (அந்த மாத்திரை ஊரில் போதைக்குப் புழங்குகிறது என்று புகார்.) முன்னாள் படைவீரர்களுக்கான உள்ளூர் மருத்துவமனையை மூடிவிட்டு, தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ப்பதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா? காட்டுச் சாலையில் வனத்துறை போட்டிருக்கும் கேட்டைத் திறந்து, ஏரி வரைக்கும் சொந்த வண்டிகளை விடுவதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கிறதே என்று நானும்தான் நினைத்தேன். அப்புறம் அந்த வீட்டு எண்ணைச் சுற்றினேன்.

“வணக்கம்மா. உங்க வீட்டுல இருக்கற பெரியவங்கள்ல, கடைசியா பிறந்தநாள் வந்தவர் யாரோ அவங்ககிட்ட பேசலாமா?”*

“நாங்க ரெண்டே பேர்தான். ஆனா பிறந்தநாள்ல ஒரு சிக்கல் இருக்கே.”

“என்ன சிக்கல்?”

“அவருக்கு ரெண்டு இருக்கு.”

வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவராம். சேரும்போது வயது பத்தவில்லை, அதனால் வேறு தேதி போட்டுச் சேர்ந்துவிட்டார். அந்தக் காகிதப் பிறந்தநாள் போன மாதம்தான் வந்துபோனது. அவருடைய அம்மா பெற்ற பிறந்தநாள் வருஷத் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. நடுவில் இந்த அம்மாவுடையது. காகிதத்தை நம்பினால் நான் அவரிடம் பேச வேண்டும், மாமியாரை நம்பினால் இவரிடம்.

எங்கள் விதிப் புத்தகத்தில் மாமியார் பற்றி ஒன்றும் இல்லை. மேற்பார்வையாளரைக் கேட்டேன். “எந்தத் தேதிக்கு வீட்டுல வாழ்த்து சொல்றாங்களோ அதுதான் பிறந்தநாள்” என்றார். மாமியார் பெற்ற தேதிக்குத்தான் அந்தம்மா வாழ்த்து சொல்வாராம். ஆக, பதில் சொல்ல வேண்டியவர் அந்தம்மா என்று முடிவானது.

* போனை எடுப்பவரையே கேட்டுக்கொண்டிருந்தால், எல்லா வீட்டிலும் போனை எடுக்கிற ஆளின் கருத்துதான் ஊர்க் கருத்தாகிவிடும். அதனால் குருட்டாம்போக்கில் ஒருவரைப் பிடிக்க இந்தப் பிறந்தநாள் வழி.

முதல் கேள்வியை நான் படித்து முடிப்பதற்குள், “ஆதரிக்கறேன்” என்றார்.

“முழுசாப் படிக்கணும்மா, விதி.”

“படிங்க. படிச்சாலும் அதேதான்.”

இரண்டாவதுக்கு, “எதிர்க்கறேன். இடுப்புல இரும்பு வெச்சிருக்காங்க, அவரால அவ்வளவு தூரம் உட்கார்ந்துட்டுப் போக முடியாது. உள்ளூர் டாக்டர்னா, நான் தனியாப் போய் ரெண்டு வார்த்தை சொல்லவாவது முடியும்.” என்ன இரண்டு வார்த்தை என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கக் கூடாது.

மூன்றாவதைப் படித்தேன். அதுவரை பின்னால் பாத்திரம் கழுவும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றது.

“நான் சொல்றது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா. பேரே போகாது.”

“கேட்டைத் திறந்தா அவரை இழந்துடுவேனோன்னு இருக்கு. மூடியே வெச்சாலும் இழந்துடுவேனோன்னு இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு விடை வெச்சிருக்கீங்களா?”

என்னிடம் இல்லை. இல்லை என்று சொல்வதற்குள், “அவர் வந்துட்டார்” என்று வைத்துவிட்டார்.

‘பாதியில் நின்றது’ என்ற கட்டத்தில் குறி போட்டேன். பாதியில் நின்ற வீட்டை மறுபடி கூப்பிடுவது வேறொரு ஆளாகத்தான் இருக்க வேண்டும், அது இன்னொரு விதி. கூப்பிட்டார்களா, என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். இதற்கு மேல் வருவது எல்லாம் நான் இட்டுக் கட்டுவது.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

போர்முனையின் பீரங்கிச் சத்தம் இன்னும் ஓயாத அந்தச் செவிகளோடு, அவர் கானகத்தின் பேரமைதியை நோக்கி

வேண்டாம். ‘கானகம்’ என்று எழுதிய கையை உடைக்க வேண்டும். சாதாரண மனுஷன் ஜீப்பில் போகிறார், காட்டுக்கு.

இரண்டாவது:

அவர் குளிக்கப் போனதும் அவள் அலமாரியைத் திறந்து, மாத்திரை டப்பாவைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

இது எனக்குப் பிடித்திருந்தது. சத்தத்தை வைத்தே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடும் பெண். ஆனால் இப்படி ஆரம்பித்தால் அந்த முதல் வரியிலேயே நீங்கள் அவள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அப்புறம் அவர் வாயைத் திறந்தாலே சந்தேகம்தான். அதனால் எடுத்துவிட்டேன். (எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே உங்களிடம் காட்டியும்விட்டேன். எழுதுகிறவர்களை நம்பக் கூடாது.)

3

அவரை உண்டாக்குவதில்தான் பெரிய பாடாக இருந்தது. பட்டாளத்துக்காரர் என்று எழுதியதுமே ஒரு பெரிய மீசை தானாக வந்து உட்கார்ந்தது. அதை மழித்தேன். ராத்திரி அலறிக்கொண்டு எழுந்தார். அதையும் அடித்தேன். மிச்சம் இருந்தது தூக்கம் வராத ஒரு மனுஷன். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் தோள் இறுகும், கதவு அறைந்தால் பேச்சு பாதியில் நிற்கும். மற்றபடி நல்ல பேச்சுக்காரர், கிண்டல்காரர்.

தூக்கம் வராதவர் என்ன செய்வார்? இஸ்திரி போடுவார் என்று வைத்துக்கொண்டேன். சட்டை, தலையணை உறை, கடைசியில் அடுப்படித் துணி. அந்தம்மா மடிப்புக் கலையாத கரித்துணியால் சட்டியை இறக்குவார். சொந்தக்காரர்கள் வந்தால் “உனக்கென்னம்மா, குடுத்து வெச்சவ” என்பார்கள். அந்தம்மா சிரித்துக்கொள்வார். வேறு என்ன செய்வது.

கேட் வருவதற்கு முன்னால் அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு தனியாக ஏரிக்கரைக்குப் போவார், இருட்டுவதற்குள் வந்துவிடுவார். ஒரு நாள் வரவில்லை. அங்கே போன் எடுக்காது. அந்தம்மா அலமாரியைத் திறந்து பார்த்தபோது மாத்திரை டப்பாவும் இல்லை. மறுநாள் வெயில் ஏறிய பிறகு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் உடம்பில் கசங்கிய சட்டையை அந்தம்மா பார்த்தது அன்றைக்குத்தான்.

“தூங்கிட்டேன்” என்றார்.

அந்தம்மா நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லவும் இல்லை. டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, சாப்பாடு போட்டார்.

அடுத்த மாதமே, ஏதோ பறவை கூடு கட்டுகிறது என்று வனத்துறை கேட் போட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அந்தம்மாவுக்கு. அந்தப் பறவைக்கு ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார்.

ஆனால் கேட்டிலிருந்து ஏரி வரை நடக்க அவர் இடுப்பு விடாது. ஜீப்பைக் கேட் வரை ஓட்டிப் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவார். இஸ்திரி கூடியது. மாத்திரையும் கூடியது. கிண்டல் குறைந்தது, அப்புறம் நின்றே போயிற்று. இப்போது மூன்று கேள்வியையும் அந்தம்மாவின் காதால் கேட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரை வீட்டில் இருக்கக் கூடாது. டாக்டர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கேட்? அங்கேதான் குழாயை நிறுத்திவிட்டு நின்றுவிட்டார்.

4

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘அட்சரம்’. கேள்வியை அட்சரம் பிசகாமல் படிக்க வேண்டும் என்பார், நாள் முழுக்க அதையே சொல்வார். பெயர் அவருக்கும் தெரியும். ஒரு தடவை கையெழுத்தே அப்படிப் போட்டார்.

அவருடைய சட்டம் ரொம்பச் சுருக்கம். கேள்வியை விளக்காதே. யாராவது “நீங்க என்ன நினைக்கறீங்க?” என்றால் கேள்வியை மறுபடி படி, அவ்வளவுதான். ‘ஆதரிக்கிறீர்களா’ என்பதை எல்லாருக்கும் முதலில் படிக்காதே. பாதிப் பேருக்கு அதை முதலில், பாதிப் பேருக்கு ‘எதிர்க்கிறீர்களா’வை முதலில், ஏனென்றால் முதலில் காதில் விழுவதைப் பிடித்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்புறம் முக்கியமானது ஒன்று. தாளில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கும். இரண்டிலும் சேராத விடை. அதை வாசிக்கவே கூடாது. வாசித்தால் எல்லாரும் சுகமாக அதில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அவர்களாக வாய் திறந்து சொன்னால் மட்டும் குறிக்கலாம்.

இதுவரை எழுதியதை மதிய இடைவேளையில் அட்சரத்திடம் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே படித்தார். பென்சில் கேட்டார். கொடுத்திருக்கக் கூடாது.

“இது கதை இல்லை. இழுத்துட்டுப் போற கேள்வி.”

“எங்க இழுக்கறேன்?”

“டப்பாவைக் குலுக்கறது, கசங்கின சட்டை, பறவைக்கு வேண்டிக்கறது. எல்லாம் அந்தம்மா பக்கம். அவர் என்ன நினைக்கறார்னு ஒரு வரி இருக்கா?”

“அவர் இன்னும் வீட்டுக்குள்ள வரலை மேடம்.”

“வரச் சொல்லு.”

5

சரி, வருகிறார்.

நிஜத்தில் அந்தம்மா போனை வைத்துவிட்டார். கதையில் வைக்கவில்லை. கை ஈரம் என்பதால் போன் ஸ்பீக்கரில் கிடக்கிறது. அவர் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வருகிறார்.

“யார் போன்ல?”

“கணிப்பாம். கேட்டைத் திறக்கறதா வேண்டாமான்னு கேக்கறாங்க.”

“குடு, நான் சொல்றேன். திறக்கணும்.”

“ஐயா, ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான்” என்கிறேன் நான். “பிறந்தநாள் கணக்குல அம்மா வந்திருக்காங்க.”

“அவ எப்படி? காகிதப்படி நான்தானே கடைசி.”

“உங்கம்மா பெத்த தேதிப்படி நான்தான்” என்கிறார் அந்தம்மா.

“அரசாங்கம் பென்ஷன் குடுக்கறது எந்தத் தேதிக்கு?”

“பென்ஷனை நீங்களே வெச்சுக்குங்க. இதுக்கு நான்தான் பதில் சொல்வேன்.”

அவர் சிரிக்கிறார். ரொம்ப நாளுக்குப் பிறகு. “சரி தாயே, சொல்லு. நானும் கேக்கறேன்.”

அந்தம்மாவுக்கு இப்போது பின்வாங்க வழி இல்லை. “மூடியே இருக்கட்டும்” என்கிறார்.

அவர் சிரிப்பு பாதியில் நிற்கிறது.

“நான் அங்க போறது உனக்குப் பிடிக்கலையா?”

“அன்னைக்கு மாத்திரை டப்பாவை எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க?”

“வலிக்கு.”

“வலிக்கு ரெண்டு போதும். டப்பாவோட எதுக்கு?”

“ரெண்டை எண்ணி எடுத்துப் பொட்டலம் கட்டிட்டா போவாங்க? இதைத்தான் இத்தனை நாளா மனசுல வெச்சிருக்கியா?”

“வேற எங்க வைக்கறது?”

“தூங்கிட்டேன்னு சொன்னேனே.”

“நீங்க தூங்கி நான் பார்த்ததே இல்லை.”

“நீ அங்க வந்து பார்த்ததில்லை.”

“நீங்க கூப்பிட்டதில்லை.”

அவர் நாற்காலியை இழுத்து, இடுப்பைப் பார்த்து மெதுவாக உட்காருகிறார். அந்தம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நிற்கிறார், கை எப்போதோ காய்ந்துவிட்டது. இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. கணிப்பு எடுப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.

“அம்மா, கேள்வியை மறுபடி படிக்கட்டுங்களா?”

6

அட்சரம் இதைப் படித்தபோது பென்சிலை எடுக்கவில்லை. தட்டை மூடி வைத்தார்.

“அவர் நெஜமாவே தூங்கினாரா?”

“எங்க?”

“அந்த ஏரிக்கரையில. தூங்கினாரா, இல்லை வேற நினைப்புல போய், அப்புறம் மனசு மாறி வந்தாரா?”

“நான் இன்னும் முடிவு பண்ணலை மேடம்.”

“நீ எழுதற கதை. உன் ஆளு.”

“தெரிஞ்சாதானே சொல்லுவேன்.”

நான் மழுப்பவில்லை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். தூங்கினார் என்று எழுதினால் கதை சரியாகத்தான் நிற்கிறது. தூங்கவில்லை என்று எழுதினாலும் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை, சட்டை அதே மாதிரி கசங்கியிருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

“உண்டாக்கின உனக்கே தெரியலை. அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? அதை வெச்சுக்கிட்டு எப்படிப் பதில் சொல்வாங்க?” என்றார் அட்சரம். பிறகு இடைவேளை முடிந்து, இருவரும் போய் உட்கார்ந்து ஊரைக் கேள்வி கேட்டோம்.

7

கணிப்பு முடிவு வந்தது. (நிஜத்தில் என்ன வந்தது என்பது நகரமன்றத்தின் சமாசாரம். கதைக்குள் வந்ததைச் சொல்கிறேன்.) மாத்திரை விதி நிறைவேறியது. மருத்துவமனை தப்பித்தது. கேட்டைத் திறக்கலாம் என்று ஊர் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருந்தது, வனத்துறையும் திறக்கிறது. ஊருக்கு ஒரு கருத்து இருக்கும், அதைக் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடலாம். அந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது.

இனி முடிவுகள். உங்கள் பிறந்தநாள் ஒற்றைப்படைத் தேதி என்றால் முதலில் அ-வைப் படியுங்கள், இரட்டைப்படை என்றால் ஆ-வை. இரண்டு தேதி இருக்கிறவர்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அ. கேட் திறந்த அன்று காலை அவர் ஜீப் சாவியைக் கேட்கிறார். அந்தம்மா கொடுத்துவிடுகிறார். அவர் போன பிறகு அலமாரியைத் திறக்கிறார். டப்பா இருக்கிறது. குலுக்கிப் பார்க்கிறார், நேற்றைய சத்தமேதான். இருட்டுகிறது. அவர் வரவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டப்பா இங்கே இருப்பது நல்லதுக்கா என்று புதிதாக ஒரு பயம் வருகிறது, போகிறவருக்கு வழி ஒன்றா இருக்கிறது. விடிந்து வெயில் ஏறியதும் வண்டிச் சத்தம் கேட்கிறது. அது ஜீப்பா

(ஜீப்தான் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதிவிட்டு அடித்தேன்.)

ஆ. கேட் திறந்த அன்று சாவி காணவில்லை. அந்தம்மா அதை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டார். அவர் தேடவில்லை, கேட்கவும் இல்லை. ஒரு நாள் சமையலுக்கு உதவுகிறேன் என்று அரிசி அளக்கப் போனவர் கையில் அது தட்டுப்படுகிறது. எடுக்கவில்லை. மேலே அரிசியைத் தள்ளி, மட்டமாகத் தடவிவிட்டு வருகிறார். அன்றிலிருந்து ரொம்ப நல்லவராக இருக்கிறார். சொன்னதைச் சாப்பிடுகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். ஒரு நாள் காலை, துணி அத்தனையும் மடித்து அடுக்கி முடிந்தபின், அவர் அந்த டப்பாவை

இல்லை. இதை நான் எழுத மாட்டேன்.

அட்சரம் இரண்டையும் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒரே நீளமா இருக்கணும், ஆ கொஞ்சம் அதிகம்” என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசு எதுவும் இல்லை.

8

உங்களிடம்தான் பேசுகிறேன். இவ்வளவு தூரம் வைக்காமல் இருந்ததற்கு நன்றி.

அந்தம்மா என்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? இரண்டுக்கும் சேர்த்து ஒரு விடை. அன்றைக்கு என்னிடம் இல்லை. இந்தக் கதையை எழுதி எழுதி அடித்ததில், தாளில் மூன்றாவது கட்டம் ஒன்று தானாக வந்திருக்கிறது. சமையலறையில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதிலேயே அது இருக்கிறது. எனக்குத் தெரிகிறது, அட்சரத்துக்கும் தெரிந்துவிட்டது. ஜீப்பில் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஓர் இருக்கை

மன்னிக்க வேண்டும். அதை நான் வாசிக்கக் கூடாது.

அது சுலபமான விடை என்றும் நினைக்காதீர்கள். பக்கத்தில் ஆள் இருந்தும் அவர் ஏரிக்கரையில் தூங்கிப்போனால், அந்தம்மா இத்தனை நாள் பயந்தது வீண். பொழுது முழுக்க அவர் தூங்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால்? அப்போது அந்தம்மாவுக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்துவிடும், அதற்கப்புறம் அதை வைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

கதைக்குள் நேரம் இப்போது காலை. கேட்டைத் திறந்துவிட்டார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், சட்டையில் மடிப்புக் கலையவில்லை. சாவி அந்தம்மாவின் கையில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் நீங்கள்தானா? அப்படியென்றால் கேளுங்கள். அந்தம்மா சாவியைக் கொடுத்து அவரைத் தனியாக அனுப்புவதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்காதீர்கள். கேட்டால் கேள்வியை மறுபடி படிப்பேன். இரண்டும் இல்லை என்றால் வாய் திறந்து நீங்களாகச் சொல்ல வேண்டும், கட்டம் காலியாகத்தான் இருக்கிறது, பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

சொல்லுங்க. அவர் வாசல்லயே நின்னுட்டிருக்கார்.